பதினொன்று ஆகாத பத்து மணி

இருநூற்றுப் பதினேழாவது புள்ளியும் விழுந்தது, தப்பில்லை, பதினொன்று என்றால் பதினொன்றேதான் என்று பொற்கொடி தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன கையோடு அதற்காகக் கூசியும் போனாள், ஏனென்றால் தப்பு வருகிறதா என்று பார்க்கத்தான் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு இந்த மூன்றாம் மாடி லேபுக்கு ஓடி வந்திருந்தாள், வந்து உட்கார்ந்த பிறகு பார்த்தால் உள்ளுக்குள் ஒருத்தி தப்பு வரவே கூடாது சாமி என்று கைகூப்பிக்கொண்டு நிற்கிறாள். மேசைமேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை போர்டு. அதன் மூலையில் ஒரு பொத்தான் பேட்டரி, பக்கத்தில் நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புச் சிப். கரண்ட் போனாலும் மணி என்ன என்பதை மறக்காமல் வைத்திருப்பது மட்டும்தான் அந்தச் சிப்புக்கு வேலை. சிப்பிடம் போய் மணி கேட்டுக்கொண்டு வருகிற சின்ன புரோகிராமுக்கு டிரைவர் என்று பேர். டிரைவர் குடியிருப்பது கெர்னலுக்குள். கெர்னல், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மெயிலிலேயே சண்டை போட்டு, மெயிலிலேயே சமாதானமாகி, சேர்ந்து எழுதிக்கொண்டே இருக்கிற ஒன்று. அந்த மெயிலெல்லாம் எல்லாரும் பார்க்க வந்து விழுகிற இடத்துக்கு லிஸ்ட் என்று பேர். பதினான்கு மாதத்துக்கு முன்னால் அந்த டிரைவரிலிருந்து ஒன்பது வரியைத் தூக்கியவள் பொற்கொடி. இப்போது நடக்கிற சோதனை ரொம்பச் சுலபம்: சிப்பின் மணியைப் பத்து ஐம்பத்தொன்பது ஐம்பத்தேழு என்று வைப்பது, பதினொன்று ஆனதும் எழுப்பச் சொல்வது, எழுப்பிய அதே கணத்தில் மணி என்ன என்று கேட்பது. பதினொன்று என்று பதில் வந்தால் திரையில் ஒரு புள்ளி. பத்து என்று வந்தால் ஒரு சிவப்பு வரி. உடனே மணியை மறுபடி பின்னால் தள்ளி வைத்துவிட்டு அடுத்தது. மூன்று நொடிக்கு ஒன்றாக ஆயிரம் தடவை, ஐம்பது நிமிஷம். இருநூற்றுப் பதினெட்டு. ஜன்னல் ஏ.சி.யிலிருந்து பிளாஸ்டிக் வாளிக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம் புள்ளி விழுகிற நேரத்தோடு ஒத்துப்போவது மாதிரி இருந்தது, இரண்டு சொட்டு ஒத்துப்போய் மூன்றாவது சொட்டு முந்திக்கொண்டது, எதிலும் ஒழுங்கு தேடாதே பைத்தியமே, இன்றைக்கு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்குள் அந்த அம்மா விளக்கம் எழுதிக்கொடுத்தாக வேண்டும், நீ சொட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாய்.

அந்த அம்மா பேர் தனபாக்கியம். பொற்கொடி அவரைப் பார்த்ததில்லை, பார்க்கவும் போவதில்லை. மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் இருபத்தாறு வருஷமாக நர்ஸ், தடுப்பூசிக் குளிர்பெட்டியின் சாவி அவரிடம். பெட்டிக்குள் ஒரு கருவி மணிக்கு ஒரு தடவை எழுந்து, எத்தனை டிகிரி என்று குறித்து வைத்துவிட்டு மறுபடி தூங்கும். போன மாதம் இரண்டு நாள் காலைப் பதினொரு மணிக் கட்டம் காலியாக இருந்தது. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உன் செல்போனுக்குச் சார்ஜ் போட்டாயா என்று கேட்டு மெமோ வந்துவிட்டது, மருந்தெல்லாம் கீழே ஊற்றியாகிவிட்டது. இது எல்லாமே சேசுராஜ் எழுதிய மெயிலில் இருந்தது. தமிழில் எழுதியிருந்தார். அதுதான் பொற்கொடிக்கு முதலில் சுட்டது, விஷயம் அதற்கப்புறம்தான் சுட்டது. "வணக்கம். நான் சேசுராஜ். ஓசூரில் தடுப்பூசிப் பெட்டிகளுக்கு வெப்பநிலைக் கருவி செய்யும் சிறிய கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பதினான்கு மாதத்துக்கு முன் லிஸ்ட்டில் உங்களோடு பேசியிருக்கிறேன். உங்களுக்கு நினைவிருக்காது." நினைவிருக்காதாம். மரியாதைக்குத்தான் அப்படி எழுதினாரா, குத்திக் காட்டினாரா, எப்படித் திருப்பிப் படித்தாலும் அந்த வரி இரண்டு பக்கமும் முகம் காட்டாமல் நின்றது. அதற்கடுத்த வரிகளைப் படிக்கும்போது பொற்கொடிக்குக் காது மடல் சூடேறியது இன்னும் ஆறவில்லை, செவ்வாய்க்கிழமையிலிருந்து இன்று வரை. "எங்களுக்கு வரும் சிப், மேலே அதே எண் பொறித்திருந்தாலும் வேறு தொழிற்சாலையில் செய்தது. மணி மாறும்போது இதில் முதலில் நொடி மாறும், அடுத்தது நிமிடம், கடைசியில்தான் மணி. தூங்குகிறவரை உலுக்கி எழுப்பினால் கண் முதலில் திறக்கும், கால் பிறகுதான் தரையில் ஊன்றும், அதுபோல. அந்த இடைவெளியில் படித்தால் பதினொன்று ஆகவேண்டியது பத்தாகவே கிடைக்கிறது. கருவி அதைப் பத்து மணிக் கட்டத்தில் மறுபடி எழுதிவிடுகிறது, பதினொரு மணிக் கட்டம் காலியாகிவிடுகிறது. அதனால்தான் நாங்கள் அந்த ஒன்பது வரியில் இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் நம்பினோம்." அவ்வளவுதான், ஐந்தாறு வாக்கியம். சைக்கிள் கடைக்காரருக்குச் சொன்னாலும் புரியும், நாலாவது படிக்கிற பிள்ளைக்குச் சொன்னாலும் புரியும். அன்றைக்கு ஆங்கிலத்தில் அவர் எழுதியது வேறு மாதிரி இருந்தது. டைம் நாட் கமிங் கரெக்ட் வென் ஹவர் கோயிங், சோ டூ டைம் ரீடிங் மஸ்ட். அதற்கு நீ என்ன எழுதினாய், சொல்லேன், எழுதினாயே. இருநூற்று ஐம்பத்தொன்று. வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், புள்ளியைப் பார்.

ஆனால் யோசித்துப் பார்த்தால், என்று தொடங்கியது உள்ளே இருக்கிற வக்கீல், பொற்கொடியின் தலைக்குள் சின்ன வயசிலிருந்தே ஒரு வக்கீல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள், ஃபீஸ் கேட்காதவள், தூக்கத்திலும் எழுந்து நிற்பவள். யோசித்துப் பார்த்தால் தப்பு உன்னுடையதா? சிப்பின் கையேட்டில் நாலாம் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, படிக்கத் தொடங்கியதும் நொடி நிமிடம் மணி எல்லாம் சேர்த்துப் பிடித்து நிறுத்தப்படும் என்று எழுதியிருக்கிறது, அதைத்தானே எடுத்துக் காட்டினாய்? மலிவாகக் கிடைக்கிறது என்று போலிச் சிப்பை வாங்கியது யார், அந்தக் கம்பெனி. உன் பேட்சை, நீ அனுப்பிய அந்தத் திருத்தத்தை, ஏற்றுக்கொண்டது யார், இந்த டிரைவர்களையெல்லாம் பார்த்துக்கொள்கிற மெயின்டெய்னர் ஹெல்கா, எங்கேயோ பனி கொட்டுகிற ஊரில் இருக்கிற அம்மாள், அவரே சேசுராஜைப் பார்த்து உங்களிடம் ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டாரே, இரண்டு வாரம் பொறுத்தாரே, சேசுராஜ் ஏன் வாயைத் திறக்கவில்லை? விசாரிக்காமல் ஒரு நர்ஸுக்கு மெமோ நீட்டுகிறார்களே, அது யார் தப்பு, ஊசி போடுகிற பொம்பளை என்றால் செல்போன் சார்ஜ்தான் முதலில் ஞாபகம் வருமா இவர்களுக்கு, இதே ஒரு டாக்டர் ஐயா சாவி வைத்திருந்தால் கருவியில் கோளாறு என்று அன்றைக்கே எழுதியிருக்க மாட்டார்களா? இந்த இடத்தில் பொற்கொடிக்கு நிஜமாகவே கோபம் வந்தது, ரத்தம் கொதித்தது, கொதித்ததும் மனசு ஒரு நிமிஷம் லேசாகவும் ஆனது, ஆகா, கோபப்பட ஒரு ஆள் கிடைத்துவிட்டார். அப்புறம் அந்த லேசும் நின்றுவிட்டது, முன்பல்லில் கல் கடிபட்ட மாதிரி. ஏனென்றால் எல்லா வாதமும் சரியாக இருந்தது, எல்லாக் கட்சிக்காரர் பேரும் பட்டியலில் இருந்தது, அந்த ஒரு வரி மட்டும் எந்தக் கட்டிலும் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுதிய அந்த வரி. ஆதாரம் கேட்பது வேறு. ஆதாரம் கேட்கிற இடத்தில்...

"என்னடி, அது வாயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? முட்டை கிட்டை போடப் போவுதா?"

நஸ்ரின். பக்கத்துச் சீட், ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில், நாலரை வருஷமாகப் பக்கத்திலேயே இருக்கிறவள்.

"டெஸ்ட் ஓடுது."

"ஓடட்டுமே. நீ அடைகாத்தாத்தான் ஓடுமா? வா, கேன்டீன்ல பப்ஸ் இப்பதான் வந்துச்சாம்."

"நீ போ நஸ்ரின். ஆயிரம் வரணும், முந்நூறுகூட ஆவல."

"யாருக்காகடி இவ்வளவு பண்ற? ஸ்வீட் பாக்ஸுக்குள்ள வச்சு போர்டு பார்சல் அனுப்பிச்சாரே, அந்த ஓசூர்க்காரருக்கா?" நஸ்ரின் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். "அவரு யாருன்னு இன்னும் நீ சொல்லவேயில்ல."

"அவருதான்."

"எவருதான்?"

"ரெண்டு தடவை படிக்கணும்னாரே. அவரு."

நஸ்ரின் திரையை விட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு பாதி வந்து, வந்த வழியே திரும்பிப் போனதைப் பொற்கொடி பார்த்தாள். "அடிப்பாவி," என்றாள் நஸ்ரின் மெதுவாக. "அன்னிக்கு நீ வாசிச்சுக் காட்டினப்ப நான் கட்டில்லேர்ந்து விழுந்து விழுந்து சிரிச்சேனேடி." எழுந்து போனவள் கதவருகே நின்று, "உனக்கும் ஒரு பப்ஸ் வாங்கிட்டு வர்றேன், தின்னுத் தொலை" என்றாள்.

அன்றைக்கு வாசித்துக் காட்டினாள், ஆமாம். அனுப்புவதற்கு முன்னாலேயே வாசித்துக் காட்டினாள். சிரிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, வந்த பிறகுதான் அனுப்பினாள். கோபத்தில் கை தவறி எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளவாவது ஒரு வழி இருந்திருக்கலாம், அதையும் அவளே அடைத்திருந்தாள். உங்கள் வாக்கியத்தை உங்கள் டிரைவர் செய்வதைப் போலவே இரண்டு முறை படித்துப் பார்த்தேன், இரண்டு முறையும் எதுவும் கிடைக்கவில்லை. இதுதான் அவள் எழுதியது, நல்ல ஆங்கிலத்தில், ஒரு காற்புள்ளிகூடப் பிசகாமல். மூன்று நாட்டிலிருந்து மூன்று பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அந்த லிஸ்ட்டில் எழுதியது எழுதியதுதான், அழிக்க முடியாது, யார் வேண்டுமானாலும் எத்தனை வருஷம் கழித்தும் தோண்டிப் படிக்கலாம். இதே வாய்தானே முதலாம் ஆண்டில், துறையூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து வந்த புதுசில், செமினாரில் ஒரு ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டியபடியே அவள் உச்சரித்ததற்கு வகுப்பே சிரித்தபோது, மேடையிலேயே மைக்கைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கிறவங்க எழுந்து நின்னு இதே பாடத்தைத் தமிழில் சொல்லுங்க பார்ப்போம் என்று கேட்டது? தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குத் தனி வழிகாட்டி வகுப்பு வேண்டும் என்று எண்பத்து மூன்று கையெழுத்து வாங்கிப் பிரின்சிபால் அறைக்கு முன்னால் உட்கார்ந்தது யார்? பொற்கொடின்னா பொறிகொடி என்று பேர் வாங்கியது யார்? அப்படி உட்கார்ந்தவள், ஆங்கிலம் வசப்பட்டதும் என்ன செய்தாள், முதல் வாய்ப்பிலேயே அதை எங்கே கொண்டுபோய்ச் சொருகினாள். பேரைப் பார்த்ததுமே தெரியும், சேசுராஜ், நம்ம ஊர்க்காரர்தான். அண்ணா, தமிழில் எழுதி அனுப்புங்கள், நான் மொழிபெயர்த்து லிஸ்ட்டில் போடுகிறேன் என்று ஒரு தனி மெயில் போட எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும். அது தோன்றவே இல்லை என்று சொன்னால்கூடப் பரவாயில்லை. தோன்றியது. ஒரு கணம் தோன்றியது, அப்போது அவளுக்குக் கூச்சமாக இருந்தது, ஹெல்காவுக்கும் அந்த மூன்று பேருக்கும் முன்னால் தானும் அவரும் ஒரே ஊர் என்று தெரிந்துவிடுமோ என்று. இந்த இடத்துக்குத்தான் செவ்வாய்க்கிழமையிலிருந்து நினைப்பு சுற்றிச் சுற்றி வந்து, வாசல் வரை வந்து, திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது உள்ளே வந்துவிட்டது. வந்து பார்த்தால் உட்கார இடமில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்றுப் பதிமூன்று. வரவில்லையே. நிஜமாகவே வரவில்லையே. பரீட்சை ரத்து என்று யாரோ வந்து சொன்ன மாதிரி இருந்தது. ஐநூறோடு நிறுத்திவிட்டால்? ஐநூறு குறைச்சலா? அன்புள்ள சேசுராஜ், நீங்கள் அனுப்பிய போர்டில் ஐநூறு முறை சோதித்தேன், நீங்கள் சொன்ன கோளாறு தென்படவில்லை. பொய்யில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அத்தோடு வேறொரு பேட்ச், டிரைவரை இன்னும் உறுதிப்படுத்துகிறேன் என்று பொத்தாம்பொதுவாக ஒரு தலைப்பு போட்டு, அந்த ஒன்பது வரியை வேறு சட்டை மாட்டி மறுபடி உள்ளே நுழைத்துவிடலாம், இனிமேல் யாருக்கும் கட்டம் காலியாகாது, எல்லாருக்கும் நல்லது. தனபாக்கியத்துக்கு? அவருக்கு மட்டும் அது உதவாது. கம்பெனி கொடுத்த கடிதத்தை, உங்கள் கருவிக்கு நீங்களே சாட்சியா என்று தூக்கிப் போட்டுவிட்டார்கள், வெளியே இருக்கிற ஒருவர், இன்ன தேதியில் இன்ன மாற்றத்தால் இந்தக் கோளாறு கெர்னலுக்குள் வந்தது என்று லிஸ்ட்டில் எழுதினால், அதை அச்சடித்து விளக்கத்தோடு வைக்கலாம் என்று சேசுராஜ் எழுதியிருந்தார். இன்ன மாற்றம் என்றால் இன்னார் செய்த மாற்றம். கெர்னலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. தப்பைத் திருத்துகிற பேட்சில், அந்தத் தப்பு எந்த மாற்றத்தால் வந்ததோ அதன் எண்ணையும் அதன் தலைப்பையும் எழுத்து மாறாமல் ஒரு தனி வரியில் போட வேண்டும், ஃபிக்சஸ் வரி என்பார்கள். வெளியூர்ப் பெரிய மனிதர்களெல்லாம் தங்கள் தப்பைத் தாங்களே போட்டு, கீழே கையெழுத்தும் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள், அவர்களுக்கு அது தும்மல் மாதிரி. பொற்கொடிக்கு அப்படி இல்லை. அவள் அன்றைக்குத் தன் மாற்றத்துக்கு வைத்த தலைப்பு: பாயின்ட்லெஸ் இரண்டாம் வாசிப்பை நீக்குதல். பாயின்ட்லெஸ், அர்த்தமே இல்லாதது. அந்தச் சொல் இல்லாமலே தலைப்பு நின்றிருக்கும். துறை நோட்டீஸ் போர்டில் அதை லேமினேட் செய்து, அவள் போட்டோவை ஓரத்தில் வைத்து ஒட்டியிருக்கிறார்கள், எம் மாணவியின் நிரல் இன்று உலகெங்கும் என்று, தினமும் அதைத் தாண்டித்தான் லேபுக்கு வர வேண்டும். கல்லூரி மலரில் நாலு பக்கம் வேறு எழுதினாள், வாதாடத் தெரிந்தவளுக்குக் கெர்னலும் வழிவிடும் என்று. நானூற்று எண்பத்தெட்டு. ஐநூறில் நிறுத்திவிடு. யாருக்கும் தெரியாது. ஆயிரம் என்று யாரிடமும் சொல்லவில்லை. நஸ்ரினிடம் சொன்னாய். நஸ்ரின் கேட்கமாட்டாள். நானூற்றுத் தொண்ணூறு. பதினான்கு மாதத்துக்கு முன்னால் பத்து லட்சம் தடவை படித்துப் பார்த்தேன், ஒரு தடவைகூடத் தவறவில்லை என்று மார்தட்டி எழுதினாயே, அந்தப் பத்து லட்சமும் எப்போது படித்தது? மணி மாறாத நேரத்தில். நாள் பூராவும் பஸ் ஸ்டாண்டில் நின்றுவிட்டு, பஸ் வருகிற அந்த ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு, பஸ்ஸே கிடையாது என்று சாட்சி சொன்ன கதை. ஐநூறு. விரல் நிறுத்துகிற விசைக்கு மேலே போய் நின்றது. ஐநூற்று ஒன்று. விரல் அங்கேயே நின்றது, அமுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை, அது தன் விரல்தானா என்று தோன்றுகிற அளவுக்கு நின்றது, நகத்தோரம் கறிவேப்பிலைத் துணுக்கு ஒட்டியிருந்தது, சாப்பிட்ட கையைச் சரியாகக் கழுவக்கூட இல்லை. ஐநூற்று நாற்பது. கதவு திறந்தது, நஸ்ரின் பப்ஸ் பொட்டலத்தை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள், எண்ணெய் காகிதத்தில் பரவியது, பொற்கொடி கையை எடுத்துப் பொட்டலத்தை நகர்த்தினாள், கை அப்படித்தான் விலகியது, தீர்மானம் என்று எதுவும் இல்லை. அறுநூற்று நாற்பத்தோராவது தடவை புள்ளி விழவில்லை.

சிவப்பாக ஒரு வரி. எதிர்பார்த்தது 11:00:00, கிடைத்தது 10:00:00. இவ்வளவுதானா என்றிருந்தது. சத்தம் போடவில்லை, மணி அடிக்கவில்லை, அதற்குப் பின்னால் வழக்கம்போலப் புள்ளிகள் விழத் தொடங்கின, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, ஒன்றுமே நடக்காத மாதிரி. "ஏய், அந்தச் சிவப்பு என்னடி?" என்றாள் நஸ்ரின் வாய் நிறைய பப்ஸோடு. "அதுதான்," என்றாள் பொற்கொடி. எழுநூற்று இரண்டில் இன்னொன்று. அதற்கு மேல் எண்ணவில்லை. மணி இரண்டு நாற்பது. பழைய ஒன்பது வரியையும் அப்படியே திரும்ப ஒட்டினாள், அதன் மேலே இருந்த சேசுராஜின் குறிப்பையும் சேர்த்து, டோன்ட் பிலீவ் ஒன் ரீடிங் என்று மூன்றாம் வகுப்பு ஆங்கிலத்தில் அவர் எழுதியிருந்த குறிப்பு, அதைத் திருத்தி அழகாக்கலாமா என்று விரல் பரபரத்தது, செய்யவில்லை. பத்து நிமிஷத்தில் பேட்ச் தயார். அதற்குரிய விளக்கம்தான் வரவில்லை. எழுதினாள், அழித்தாள். கையேட்டின்படி சரியாகத் தோன்றினாலும் என்று தொடங்கினால் வக்கீல் எழுந்து நிற்கிறாள். அந்த நேரத்தில் கிடைத்த தகவல்களின் அடிப்படையில் என்று தொடங்கினால் அவளே மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கு அடியிலும் ஒரு ஆனால் ஒளிந்துகொண்டிருந்தது. மன்னிப்பைக்கூட ஜெயிக்கிற மாதிரிதான் எழுத வருகிறது இவளுக்கு. முதலில் அவரிடமே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் கை ஓடும் என்று பட்டது. மெயிலின் அடியில் எண் இருந்தது. வராந்தாவுக்குப் போய், குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போன் போட்டாள்.

பின்னால் ஏதோ மெஷின் இரைந்தது. "ஹலோ? ஒரு நிமிஷம் மேடம், வெளிய வந்துர்றேன்." மேடம். அவள் பேர்கூடச் சொல்லியிருக்கவில்லை, பார்சலுக்காகக் கொடுத்த எண்ணைப் பதிந்து வைத்திருக்கிறார். குரல் சின்னது, முப்பதுகூட இருக்காது, அவள் என்னவோ நாற்பது ஐம்பது வயசுக்காரராக நினைத்து வைத்திருந்தாள், அப்படி நினைக்க என்ன இருந்தது, அந்த ஆங்கிலமா.

"சொல்லுங்க மேடம். எத்தனைல வந்துச்சு?"

"அறுநூத்தி நாப்பத்தொண்ணுல. அப்பறம் எழுநூத்தி ரெண்டுல."

"ம். எங்களுக்கும் ஐநூறு அறுநூறுக்கு ஒண்ணுதான் மேடம் வருது. மெஷின் ஆயிரக்கணக்குல வெளிய இருக்கறதால தெரியுது."

"அண்ணா, நான் அன்னிக்கு எழுதினது..."

"மேடம், அதை எங்கிட்ட சொல்லி என்ன ஆவப் போவுது?" கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது. "லிஸ்ட்டுல போடுங்க. லிங்க் வந்தாத்தான் அந்த அக்கா பிரின்ட் எடுக்க முடியும். பிரவுசிங் சென்டரு அங்கேர்ந்து ஒம்பது கிலோமீட்டரு. நாலு மணிக்காவது கெளம்பணும் அவங்க."

"இப்பவே போட்டுர்றேன். ரிப்போர்ட் பண்ணவங்கன்னு உங்க பேரு போடணும், எந்த மெயில் ஐடி போடட்டும்?"

"என் பேரு வேணாம் மேடம்."

"இல்லண்ணா, அது வழக்கம். தப்பைக் கண்டுபிடிச்சுச் சொன்னவங்க பேரைப் போட்டே ஆகணும்."

"வழக்கம் தெரியும் மேடம். நானும் அங்க எழுதிட்டு இருந்தவன்தானே." மெஷின் சத்தம் கொஞ்சம் அதிகமாகிக் குறைந்தது, யாரோ கதவைத் திறந்து மூடியிருக்க வேண்டும். "அன்னிக்கு எங்க டீம் லீடர் அந்தப் பக்கத்த ஆபீஸ் குரூப்புல போட்டுட்டாரு. ஆறு மாசம், டீ குடிக்கப் போனாக்கூட, என்ன சேசு, ரெண்டு தடவ குடிச்சியான்னு. இப்பத்தான் ஓஞ்சிருக்கு. மறுபடி என் பேர அங்க போட்டா, தேடறவங்களுக்கு ரெண்டும் சேர்ந்து வரும். வேணாம், விட்ருங்க. அக்கா வேலை முடிஞ்சாப் போதும்."

பொற்கொடியிடம் பதில் இருந்தது. எப்போதும் இருக்கும். உங்கள் பேர் இருந்தால்தான் அன்றைக்கு நீங்கள் சொன்னதுதான் சரி என்று உலகத்துக்குத் தெரியும், சிரித்தவர்கள் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும், இது நியாயம் அண்ணா, உங்கள் உரிமை, விட்டுக்கொடுக்கக் கூடாது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது, நல்ல வாதம்தான், ஜெயித்துவிடும், அவரை ஐந்து நிமிஷத்தில் சம்மதிக்க வைத்துவிடலாம். யாருக்கு அந்த வெற்றி என்று ஒரு கேள்வி தடுக்கியது. அவர் பேரைப் போட்டால் யார் நெஞ்சு ஆறும்? "சரிங்க," என்றாள். இன்னொரு தடவை, "சரிங்கண்ணா," என்றாள். "வச்சிர்றேன் மேடம்," என்று அவர் வைத்துவிட்டார்.

உள்ளே வந்து உட்கார்ந்து, வக்கீல் எழுந்து நின்று வாய் திறப்பதற்கு முன் எழுதி முடித்தாள். இந்தச் சிப்பின் சில வகைகளில் மணி மாறும் கணத்தில் ஒரே ஒருமுறை படித்தால் ஒரு மணி நேரம் குறைவாகக் கிடைக்கிறது. நான் செய்த முந்தைய மாற்றம்தான் இதற்குக் காரணம். அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்த எல்லாப் பதிப்புகளிலும் இந்தக் கோளாறு உண்டு, கருவியைப் பயன்படுத்துபவரின் செயலால் இது நேர்வதில்லை. நீக்கப்பட்ட வரிகளை அப்படியே திரும்பச் சேர்க்கிறேன். அடியில் ஃபிக்சஸ் வரி, எண், பிறகு தலைப்பு, பாயின்ட்லெஸ் என்ற சொல்லை அவள் அடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, பழைய பதிவிலிருந்து தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது, அவள் பேரும் கூடவே. அன்றைக்கு எழுதிய அந்தக் கேலிக்கும் சேர்த்து ஒரு வரி எழுதலாமா என்று பார்த்தாள். எந்தக் கேலி என்று நாலு பேர் தேடிப் போவார்கள், தேடினால் கிடைக்கும், கிடைத்தால் ஓசூரில் யாராவது டீக்கடையில் சிரிப்பார்கள். எழுதவில்லை. அனுப்பினாள். மூன்று பத்து. லிங்க் வந்ததும் சேசுராஜுக்கு அனுப்பினாள். மூன்று ஐம்பதுக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி: அக்கா கிளம்பிட்டாங்க. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில் அழுகை வரும் என்று பொற்கொடி நினைத்தாள், பசிதான் வந்தது. ஆறிப்போன பப்ஸைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது லிஸ்ட்டில் பதில் விழுந்தது. ஹெல்கா. அங்கே இப்போது காலை நேரம். நஸ்ரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சத்தமாகவே வாசித்துத் தமிழாக்கினாள்: "சேர்த்துக்கொண்டேன், நன்றி. யாரும் கேட்காதபோதும் தன் பழைய வேலையைத் தானே திரும்பச் சோதித்து, தன் பேரிலேயே தப்பை எழுதித் திருத்துகிறவர்கள் இங்கே அபூர்வம். இந்த நேர்மைக்கு... ஏய் பொற்கொடி! பாராட்டியிருக்காங்கடி!" சொல்லிவிட்டு நஸ்ரினே நிறுத்தினாள். "ஆனா ஏன்டி, இத நீயா கண்டுபிடிச்ச மாதிரில்ல நெனச்சுக்கிட்டாங்க?" அதற்குள் இன்னொருவர் வந்து ஹெல்கா சொன்னதை வழிமொழிந்திருந்தார். இதை நான் கண்டுபிடிக்கவில்லை என்று பொற்கொடி அடித்தாள். அடித்துவிட்டு அந்த வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் யார் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். அதற்குச் சொல்ல ஒரு பேர் இருக்கிறது, அந்தப் பேரைச் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. பேர் வேண்டாம் என்ற ஒருவர் என்று மட்டும் எழுதினாலும், யார் அது என்று அந்தப் பழைய பக்கத்தைத்தான் தோண்டுவார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ளே இருக்கிற வக்கீல் நாற்காலியில் யாரும் இல்லை. ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். இரண்டு பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள், பதில் போடாவிட்டால் அடக்கம் என்று அதையும் பாராட்டுவார்கள். வேறு வழி தெரியாமல், நன்றி என்று மட்டும் எழுதி, அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டாள்.